ஐயாற்று நாடும் இரு தேசங்களும்: பஞ்சாபி அடையாளத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலாகூருக்கும் அமிர்தசரசுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றராகும். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் பழைய பெருந்தெரு வாகா, அட்டாரி என்னும் கிராமங்களுக்கிடையே இரு தேசங்களின் எல்லையாகத் துண்டிக்கப்படுகின்றது. அவ்விடத்தில் 1959 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொடியிறக்கும் சடங்கு, இடையிடையே தடைப்பட்டும் சுருக்கப்பட்டும் வந்தபோதிலும், உலகறிந்த ஒரு காட்சியாகிவிட்டது. நெடிதுயர்ந்த வீரர்கள் விசிறித் தலைப்பாகையுடன் எதிரெதிரே நின்று, காலைத் தலையளவு உயர்த்தி நிலத்தில் ஓங்கி உதைப்பர், விழிகளை உருட்டுவர், மீசையை முறுக்குவர். இரு பக்கத்துப் படிவரிசைகளிலும் திரண்டிருக்கும் மக்கள் தத்தம் தேசத்தின் பெயரை உரத்துக் கூவுவர். பகைமையின் வெளிப்பாடாகக் கொள்ளப்படும் இச்சடங்கு, இரு தரப்பினரும் ஒத்திகை பார்த்துக்கொண்டாற் போன்ற ஒத்திசைவோடு நிகழ்வது கவனிக்கத்தக்கது. எல்லையின் இரு புறத்துக் கிராமங்களிலும் பேசப்படுவது மாஜி எனப்படும் ஒரே கிளைமொழியாகும். ஒருவரையொருவர் ஏசுவதற்குக்கூட இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

ஒரே கிளைமொழியைப் பேசி, ஒரே கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்கட்கூட்டம் ஒன்று எவ்வாறு இரு போட்டித் தேசியங்களின் முன்னணிப் படையாக மாறியது? இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களும் என்றுமே வேறுபட்ட சமூகங்கள், 1947 அவ்வேறுபாட்டிற்கு அரசியல் வடிவம் கொடுத்ததேயன்றி வேறில்லை என்பது ஒன்று. பஞ்சாபியர் ஒரு தாய் மக்களாக வாழ்ந்தனர், பிரித்தானியர் ஒரு கோட்டை வரைந்து அவர்களைப் பிரித்தனர் என்பது மற்றையது. முன்னையது அரசாங்கப் பாடநூல்களிலும் பின்னையது கவியரங்குகளிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. வரலாற்றுச் சான்றுகளை நோக்குமிடத்து இரண்டும் அரைகுறை உண்மைகளாகவே தோன்றுகின்றன.

பஞ்சாப் என்பது ஐந்து நீர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்னும் ஆறுகளால் அமைந்த அந்நிலத்தைத் தமிழில் ஐயாற்று நாடு எனலாம். அந்நிலத்தின் மொழிக்கு இலக்கிய வாழ்வளித்தோருட் காலத்தால் முந்தியவர் பாக்பட்டனில் அடங்கிய சூபி ஞானியான பாபா பரீத் ஆவர். அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் இன்று வாழ்வது சீக்கியரின் திருநூலிலாகும். 1604 இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் ஒரு முஸ்லிம் ஞானியின் வாக்குகள் குருமாரின் வாக்குகளோடு இடம்பெற்றமை, அக்காலத்துப் பண்பாட்டு நிலையை விளக்கப் போதுமான சான்றாகும். பின்னர் இலாகூரில் ஷா உசைனும், கசூரில் புல்லே ஷாவும் பாடினர். 1766 இல் வாரிஸ் ஷா ஹீர், ராஞ்சா என்னும் காதலரின் கதையைப் பாடியபோது அது எந்தச் சமயத்தாரின் தனியுடைமையாகவும் கருதப்படவில்லை. கதைமாந்தர் முஸ்லிம்கள், கதாநாயகனோ காது குத்திக்கொண்டு யோகியாகின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுக்கலை பரவியபோது ஹீர் கதை பல்வேறு புலவர்களால் மீண்டும் மீண்டும் பாடப்பெற்று, மலிவுப் பதிப்புக்களாக இலாகூர்ச் சந்தைகளில் விற்பனையானது. இவ்விலக்கியத்தை ஆராய்ந்த பரீனா மிர், அரசின் ஆதரவு எதுவுமின்றியே இது செழித்தது என்பதைத் தமது நூலில் (2010) நிறுவியுள்ளார்.

நாட்டார் மரபிலும் இத்தகைய கலப்பைக் காணலாம். அக்பரின் வரிவிதிப்பை எதிர்த்துக் கிளர்ந்தவனாகப் போற்றப்படும் துல்லா பட்டி, பிண்டி பட்டியானைச் சேர்ந்த முஸ்லிம் இராசபுத்திரன். மாரிக்கால இறுதியில் நெருப்பு மூட்டிக் கொண்டாடப்படும் லோரி விழாவில் அவன் புகழைப் பாடுவோர் இந்துக்களும் சீக்கியரும் ஆவர். பாடுபவர் ஒரு தேசத்தில், பாடப்படுபவனின் ஊர் மற்றத் தேசத்தில் என்பது 1947 இற்குப் பிந்திய நிலை.

எனினும், இப்பொதுமையை மிகைப்படுத்துதல் தகாது. ஒரே கதையைக் கேட்டவர்கள் ஒரே பாத்திரத்தில் உண்டனர் என்பதற்கில்லை. புகையிரத நிலையங்களில் ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ எனத் தனித்தனியே கூவி விற்கப்பட்டதை அக்காலத்தைக் கண்டோர் பலர் பதிவுசெய்துள்ளனர். முஸ்லிம் அயலவர் தொட்ட உணவை உயர்சாதி இந்துக்கள் உண்ணாமை கிராமங்களில் இயல்பான ஒழுக்கமாகக் கொள்ளப்பட்டது. தீண்டாமைக்குட்பட்டோர் நிலை இதனினும் இழிந்தது. பஞ்சாபியத்தின் பொற்காலத்தைப் பற்றிப் பாடுவோர், அந்தப் பொற்காலத்தில் கிணற்றடியில் நின்றவர் எவர், ஒதுங்கி நின்றவர் எவர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

அரசியல் நினைவுகளும் ஒருபடித்தானவை அல்ல. 1799 இல் இலாகூரைக் கைப்பற்றி, 1801 இல் மகாராசாவாக முடிசூடிய ரஞ்சித் சிங்கின் ஆட்சி, பஞ்சாபியர் ஒருவரின் கீழமைந்த பஞ்சாப் பேரரசு எனப் போற்றப்படுகின்றது. அவருடைய அயலுறவுகளை நடத்தியவர் பக்கீர் அசீசுத்தீன் என்னும் முஸ்லிம். நிதிப் பொறுப்பில் இருந்தவர் தீனா நாத் என்னும் இந்து. அரசவையின் மொழி பாரசீகம். இவையனைத்தும் உண்மையே. அவ்வாட்சியில் இலாகூரின் பாதுஷாகி மசூதி படையினரின் பயன்பாட்டிற்கு எடுக்கப்பட்டதும், 1831 இல் பாலாக்கோட்டில் சையித் அகமது சீக்கியப் படையுடன் பொருது மாண்டதும் உண்மையே. ஆகவே ஒரே மன்னனை ஒரு சாரார் பஞ்சாபின் சிங்கமெனவும், மற்றொரு சாரார் மசூதியைப் பறித்தவனெனவும் நினைவுகூர்வதற்கு வேண்டிய மூலப்பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆயத்தமாக இருந்தது. எந்த நினைவு மேலெழும் என்பதைத் தீர்மானித்தது பிற்கால அரசியலாகும்.

1849 இல் பஞ்சாபைத் தம் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த பிரித்தானியர், சில ஆண்டுகளுள் பாரசீகத்திற்குப் பதிலாக உருதுவை நீதிமன்றங்களினதும் கச்சேரிகளினதும் மொழியாக்கினர். பஞ்சாபி ஏன் தெரிவுசெய்யப்படவில்லை என்பது ஆராயத்தக்கது. பஞ்சாபி ஒரு செம்மையுறாப் பேச்சுவழக்கு என்பது அதிகாரிகள் பலரின் துணிபு. அதனினும் முக்கியமானது, குர்முகி எழுத்து சீக்கியருடன் தொடர்புடையதாகையால், அண்மையில் வென்றடக்கப்பட்ட ஓர் அரச மரபிற்கு அது மீண்டும் உயிரூட்டிவிடக்கூடும் என்னும் அச்சமாகும். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. வீட்டில் பேசும் மொழி ஒன்று, உத்தியோகத்திற்குரிய மொழி வேறொன்று என்றானது. உத்தியோகமும் கல்வியும் போட்டிக்குரியனவாக மாறியபோது மொழியும் போட்டிக்குரியதாயிற்று. 1873 இல் அமிர்தசரசில் தோன்றிய சிங் சபை குர்முகியில் எழுதப்படும் பஞ்சாபியைச் சீக்கியரின் மொழியாக உயர்த்தியது. 1877 இல் இலாகூரில் கிளை நிறுவிய ஆரிய சமாஜம் தேவநாகரியில் எழுதப்படும் இந்தியே இந்துக்களின் மொழி எனப் பிரசாரம் செய்தது. 1884 இல் இலாகூரிலே தொடங்கிய அஞ்சுமனே இமாயத்தே இஸ்லாம் முதலிய முஸ்லிம் சங்கங்கள் உருதுவைத் தம் உடைமையாக்கிக் கொண்டன. 1882 இல் ஹன்ரர் கல்வி ஆணைக்குழுவின் முன் இந்திக்கும் உருதுவிற்குமாக மனுக்கள் குவிந்தன. இந்திக்காக வாதாடியோருட் பலர் தம் சொந்தக் கடிதங்களை உருதுவிலேயே எழுதினர் என்பதும், உருதுவிற்காக வாதாடியோர் தம் பிள்ளைகளைப் பஞ்சாபியிலேயே தாலாட்டினர் என்பதும் இவ்விவாதத்தின் நகைப்பிற்குரிய அம்சமாகும்.

ஆக, 1947 இற்கு அரை நூற்றாண்டிற்கு மேல் முன்னரே பஞ்சாபி என்னும் சொல் மொழியளவில் மூன்றாகப் பிளவுபடத் தொடங்கிவிட்டது. றட்கிளிஃபின் கோடு நிலத்தின் மீது வரையப்படுமுன் எழுத்தின் மீது வரையப்பட்டது எனலாம்.

ஆயினும் பிரிவினையை நோக்கிய ஒரே நேர்கோடாக இவ்வரலாற்றை வரைவதும் தவறாகும். இதற்கு மாறான ஒரு போக்கினைக் கால்வாய்க் குடியேற்றங்களின் வரலாற்றில் காணலாம். 1880 களின் நடுப்பகுதி முதல் பிரித்தானிய அரசாங்கம் மேற்குப் பஞ்சாபின் வரண்ட மேட்டுநிலங்களுக்குக் கால்வாய்களை வெட்டியது. செனாப் ஆற்றின் கீழைக் கால்வாயால் உருவான குடியேற்றம் இவற்றுட் பெரியது. அதன் நடுவே லயால்பூர் என்னும் புதிய நகரம், மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்றிலிருந்து எட்டுக் கடைத்தெருக்கள் பிரிந்து செல்லுமாறு வரையப்பட்டது. இக்கால்வாய்கள் ஆண்டில் ஒரு போகமும் அரிதாயிருந்த நிலத்தில் கோதுமையையும் பருத்தியையும் விளைவித்தன. கிராமங்களுக்குப் பெயருக்குப் பதில் இலக்கங்கள் இடப்பட்டன. அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா ஆகிய சன அடர்த்திமிக்க மாவட்டங்களிலிருந்து சீக்கிய, முஸ்லிம், இந்துக் கமக்காரர் இங்குக் குடியேற்றப்பட்டனர். அம்மேட்டுநிலங்களில் மந்தை மேய்த்து வாழ்ந்த ‘ஜாங்கிலி’ எனப்பட்ட பழங்குடிகள் தம் மேய்ச்சல் நிலங்களை இழந்தமை இச்செழிப்பின் மறுபக்கமாகும். இராணுவத்தில் பணிபுரிந்தோருக்கும் குதிரை வளர்ப்போருக்கும் நிலம் பரிசாக வழங்கப்பட்டது. 1914 இல் இந்திய இராணுவத்தின் போர்வீரரில் ஏறத்தாழ அரைப்பங்கினர் பஞ்சாபியராக இருந்தமைக்கு இந்நிலக்கொடைகளும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டுப் பஞ்சாபின் கமக்காரச் செல்வமும், இராணுவப் பெருமிதமும், அரசாங்கத்தின் மீதான தங்கியிருப்பும் ஒரே கால்வாயில் ஓடிவந்தவை எனின் மிகையாகாது. இன்றைய பாகிஸ்தானின் அரசியலில் இராணுவம் பெற்றுள்ள இடத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோரும் இம்ரான் அலி போன்றோர் எழுதியுள்ள இக்குடியேற்ற வரலாற்றிலிருந்தே தொடங்குதல் நன்று.

அரசாங்கம் 1906 இல் கொணர்ந்த குடியேற்றச் சட்டமூலம் குடியேறியோரின் நிலவுரிமையையும் வாரிசுரிமையையும் கட்டுப்படுத்த முனைந்தது. 1907 இல் லயால்பூரில் எழுந்த எதிர்ப்பு ‘தலைப்பாகையைக் காத்துக்கொள், கமக்காரனே’ என்னும் கருத்துடைய பாடலொன்றின் பெயரால் வழங்கலாயிற்று. மூன்று சமயத்தாரும் அதிற் பங்குகொண்டனர். அரசாங்கம் லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் நாடுகடத்தியது. எனினும் இராணுவத்திற்குள் அதிருப்தி பரவுமென அஞ்சி, மின்ரோ பிரபு அச்சட்டமூலத்திற்கு ஒப்புதல் வழங்க மறுத்தார். நிலமும் நீர்வரியும் பற்றிய கேள்வி முன்னெழுந்தபோது தலைப்பாகையின் வகை பின்தள்ளப்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகின்றது.

இப்பொது நலனே 1923 இல் தோன்றிய யூனியனிஸ்ற் கட்சியின் அடித்தளமாயிற்று. பஸ்லி உசைன், சிக்கந்தர் ஹயாத் கான் ஆகிய முஸ்லிம் தலைவர்களும், ரோத்தக்கைச் சேர்ந்த இந்து ஜாட் தலைவரான சோட்டு ராமும் இதில் இணைந்து செயற்பட்டனர். 1937 தேர்தலில் 175 ஆசனங்கள் கொண்ட சட்டசபையில் இக்கட்சி பெரும்பான்மை பெற்றது. முஸ்லிம் லீக் பெற்றவை இரண்டு ஆசனங்களே. பத்தாண்டுகளின் பின் பாகிஸ்தானின் இதயமாகவிருந்த மாகாணத்தில் நிலைமை இவ்வாறிருந்தது என்பதை இரு நாட்டுப் பாடநூல்களும் அழுத்திக் கூறுவதில்லை.

யூனியனிஸ்ற் கட்சியைச் சமய நல்லிணக்கத்தின் கோயிலாகச் சித்திரிப்போரும் உளர். அதுவும் ஏற்புடையதன்று. 1900 ஆம் ஆண்டின் நிலப் பராதீனச் சட்டம் ‘விவசாயக் குலங்கள்’ என அரசாங்கம் பட்டியலிட்டோருக்கு மாத்திரமே பாதுகாப்பளித்தது. வட்டிக்குக் கொடுத்த நகர வணிகர் அதனால் வெளியேற்றப்பட்டனர்; அவ்வாறே நிலத்தில் உழைத்த தாழ்த்தப்பட்ட சாதியினரும் நிலம் வாங்கும் வாய்ப்பினை இழந்தனர். இக்கட்சி நிலவுடைமையாளரின் கூட்டணி. ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்தது. நிழல் விலகத் தொடங்கியதும் அது வாடியது. இரண்டாம் உலக யுத்தகாலத்து விலையேற்றமும் தானியக் கொள்முதலும் கமக்காரரைக் கட்சியிலிருந்து அந்நியப்படுத்தின. சிக்கந்தர் 1942 இலும் சோட்டு ராம் 1945 இலும் மறைந்தனர். 1946 தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை லீக் கைப்பற்றியது. 1947 மார்ச் மாதத் தொடக்கத்தில் கிஸ்ர் ஹயாத் திவானா பதவி விலகினார். சில நாட்களுள் றாவல்பிண்டிக் கிராமங்களில் சீக்கியரும் இந்துக்களும் கொல்லப்பட்டனர்.

அதன்பின் நிகழ்ந்தவை நன்கறியப்பட்டவை. அதற்குமுன் இந்தியாவைக் கண்டிராத சிரில் றட்கிளிஃப் ஜூலை 8 ஆம் திகதி வந்திறங்கினார். ஆகஸ்ட் 17 ஆம் திகதி, சுதந்திரம் கிடைத்து இரண்டு நாட்களின் பின், அவரது தீர்ப்பு வெளியிடப்பட்டது. தாம் எந்த நாட்டில் சுதந்திரம் கொண்டாடினோம் என்பதை எல்லைப்புறத்து மக்கள் அப்போதே அறிந்தனர். பஞ்சாபில் மாத்திரம் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இடம்பெயர்ந்தனர். மாண்டோர் தொகை இரண்டு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகின்றது. இம்மதிப்பீடுகளுக்கிடையிலான இடைவெளியே அக்காலத்து அரச நிருவாகம் எவ்வளவு சீர்குலைந்தது என்பதைக் காட்டும். மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியரும், கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்களும் ஏறத்தாழ முற்றாக இல்லாதொழிந்தனர். மலேர்கோட்லா விதிவிலக்காயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரு கோவிந்த் சிங்கின் இளம் புதல்வர் கொல்லப்படுவதை எதிர்த்துக் குரல்கொடுத்தவர் அவ்வூர் நவாபு என்னும் நினைவு, 1947 இல் அச்சமஸ்தானத்து முஸ்லிம்களைக் காத்தது என மரபு கூறும். ஐதீகமாயினும் வரலாறாயினும், நினைவு உயிர்காக்கவும் வல்லது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பிற இடங்களில் நினைவு எதிர்வழியிலேயே பயன்பட்டது.

இப்பேரழிவின்போது குஜ்ரான்வாலாவிற் பிறந்த சீக்கியப் பெண் கவிஞரான அம்ரிதா பிரீதம் தம் புலம்பலைக் குருமாரை நோக்கியோ தலைவர்களை நோக்கியோ பாடவில்லை. ஹீரின் துயரைப் பாடிய வாரிஸ் ஷாவைக் கல்லறையிலிருந்து எழுந்து பேசுமாறு அழைத்தார். அப்பாடல் எல்லையின் இரு புறத்தும் போற்றப்பட்டது. சாதத் ஹசன் மண்டோவின் ‘தோபா தேக் சிங்’ என்னும் உருதுச் சிறுகதையில், தன் ஊர் எந்த நாட்டில் உள்ளது எனக் கேட்டலையும் பைத்தியக்காரன் இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வீழ்கின்றான். தோபா தேக் சிங் கால்வாய்க் குடியேற்ற ஊர்களுள் ஒன்று. சீக்கியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அவ்வூர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று.

பிரிவினையின் பின் இரு அரசுகளும் பஞ்சாபி மொழியை நடத்திய முறை ஒப்பிட்டு நோக்கத்தக்கது. பாகிஸ்தானின் இராணுவத்திலும் அரச சேவையிலும் மேலாதிக்கம் பெற்றவர் பஞ்சாபியர். தம் மொழியை அரியணை ஏற்றும் வலிமை எவருக்கேனும் இருந்ததெனின் அவர்களுக்கே இருந்தது. அவர்களோ உருதுவைத் தழுவினர். வங்காளிகள் 1952 இல் மொழியுரிமைக்காக உயிர்துறந்த ஒரு நாட்டில், பிரதேச மொழிகளை ஒடுக்க விரும்பிய ஆளும் வர்க்கம் தன் தாய்மொழியையே முதலிற் பலியிட வேண்டியிருந்தது. மேலாதிக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட விலை இது. 2023 குடிசன மதிப்பீட்டின்படி பாகிஸ்தானில் பஞ்சாபியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 8 கோடி 89 இலட்சம் பேர். இந்தியாவில் 2011 மதிப்பீட்டின்படி அத்தொகை 3 கோடி 31 இலட்சம். தொகையிற் பெரிய பகுதியினர் வாழும் நாட்டிலேயே அம்மொழி பாடசாலைகளின் போதனா மொழியாக இல்லை. அந்நாட்டு மக்களுட் பஞ்சாபியைத் தாய்மொழியெனக் கூறுவோர் 1981 இல் 48 வீதத்தினராகவும் 2023 இல் 37 வீதத்தினராகவும் இருந்தனர். ஏனைய மாகாணங்களின் சனத்தொகைப் பெருக்கம் இதற்கு ஒரு காரணமாயினும், நகர மத்தியதர வகுப்பினர் பிள்ளைகளுடன் உருதுவிற் பேசத் தலைப்பட்டமையும் சேர்த்தெண்ணப்படல் வேண்டும்.

இந்தியாவில் நேரெதிரான வழியில் அதே குறுகல் நிகழ்ந்தது. பஞ்சாபி மொழிவழி மாநிலம் வேண்டுமெனச் சீக்கியர் கிளர்ந்தபோது, பஞ்சாபி பேசும் இந்துக்களுட் பெருந்தொகையினர் குடிசன மதிப்பீட்டாளரிடம் தம் தாய்மொழி இந்தி எனப் பதிந்தனர். அப்பொய்யைப் பஞ்சாபியிலேயே கூறினர் என்பது அக்காலத்தில் வழங்கிய கேலி. 1966 நவம்பர் 1 ஆம் திகதி ஹரியானா பிரிக்கப்பட்டது. மலைப்பகுதிகள் இமாசலப் பிரதேசத்துடன் சேர்க்கப்பட்டன. எஞ்சிய பஞ்சாப் சீக்கியப் பெரும்பான்மை மாநிலமாயிற்று. மொழி வென்றது, ஆனால் ஒரு சமயத்தாரின் மொழியாக வென்றது. 1984 இல் பொற்கோயிலினுள் இராணுவம் புகுந்தமையும், அவ்வாண்டு நவம்பரில் டில்லியில் சீக்கியர் படுகொலை செய்யப்பட்டமையும் அக்குறுகலை மேலும் இறுக்கின. மேற்கில் பஞ்சாபியர் மொழியை இழந்து அதிகாரத்தைப் பெற்றனர். கிழக்கில் மொழியைப் பெற்று நிலத்தைச் சுருக்கிக்கொண்டனர்.

ஊர்ப்பெயர்களோ அரசுகளின் சொற்கேட்டு நடப்பதில்லை. பாகிஸ்தானின் தேசிய கீதத்தை இயற்றிய ஹபீஸ் ஜலந்தரியின் பெயரில் இந்தியாவிலுள்ள ஜலந்தர் நிலைத்துள்ளது. லயால்பூர் 1977 இல் பைசலாபாத் ஆனபோதிலும், அங்கிருந்து பெயர்ந்து ஜலந்தரில் மீள நிறுவப்பெற்ற கல்லூரி இன்றும் லயால்பூர்க் கால்சாக் கல்லூரியே. பாகிஸ்தானை இஸ்லாமிய மயமாக்கிய ஜெனரல் சியா உல் ஹக் ஜலந்தரிற் பிறந்தவர். இந்தியாவின் பிரதமராயிருந்த மன்மோகன் சிங் பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்துக் காஹ் கிராமத்திற் பிறந்தவர்.

முன்னோர் எவருக்குரியர் என்னும் போட்டி இத்தகைய பின்னணியிலேயே எழுகின்றது. பகத் சிங் 1907 இல் லயால்பூர் மாவட்டத்துக் கால்வாய்க் கிராமமொன்றிற் பிறந்தார். 1907 கிளர்ச்சியின் தலைவரான அஜித் சிங் அவருடைய சிறிய தந்தை. 1931 மார்ச் 23 ஆம் திகதி இலாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவில் அவர் தேசத்தின் தியாகி. ஒவ்வொரு கட்சியும் அவருக்குத் தான் விரும்பிய நிறத் தலைப்பாகையை அணிவிக்கின்றது. அவரது பொதுவுடைமை நாட்டமும் நாத்திகமும் அத்தலைப்பாகைகளின் கீழ் மறைகின்றன. பாகிஸ்தானிலோ மார்ச் 23, 1940 ஆம் ஆண்டின் இலாகூர்த் தீர்மானத்தைக் குறிக்கும் தேசிய தினம். சிறை இருந்த இடத்திற்கு அண்மையிலுள்ள ஷாத்மான் சதுக்கத்திற்கு அவர் பெயரை இடுமாறு இலாகூர்ப் பிரசைகள் சிலர் நெடுங்காலமாகப் போராடினர். 2012 இல் அதற்கு இணங்கிய நிருவாகம் எதிர்ப்பினைக் கண்டு பின்வாங்கியது. 2024 நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டதென மேல் நீதிமன்றத்திற்கு அறிவிக்கப்பட்டது. அவரை உரிமை கோரியோரும் மறுத்தோரும் ஆகிய இரு சாராரும் இலாகூர்ப் பஞ்சாபியரே என்பது இவ்விடத்தில் முக்கியமானது. போட்டி தேசங்களுக்கிடையில் மட்டுமன்றி, ஒவ்வொரு தேசத்தினுள்ளும் நடைபெறுகின்றது.

ரஞ்சித் சிங்கின் கதையும் இதனை ஒத்ததே. 2019 ஜூனில் இலாகூர்க் கோட்டையில் அவருடைய குதிரைச் சிலை நிறுவப்பட்டது. 2021 ஆகஸ்டிற்குள் அது மும்முறை சேதப்படுத்தப்பட்டது. பின்னர் திருத்தப்பட்டு, 2024 இல் கர்த்தார்பூரில் நிறுவப்பட்டது. தலைநகரை இழந்த மன்னன் எல்லையோரத்திற்கு அனுப்பப்பட்டான். சிலை இலாகூரில் உடைக்கப்பட்டமையை மட்டும் கண்டித்து, அது இலாகூரில் பாகிஸ்தானியர் முயற்சியால் நிறுவப்பட்டது என்பதை மறந்துவிடுவது எல்லைக்கு அப்பாலுள்ளோரின் வழக்கமாகிவிட்டது.

ஆறுகளின் கதியைக் கூறாது இவ்வரலாற்றை முடித்தல் இயலாது. கால்வாய்களின் தலைவாயில்கள் கிழக்கிலும் வயல்கள் மேற்கிலுமாக எல்லை வரையப்பட்டமையால், 1948 ஏப்ரல் 1 ஆம் திகதி கிழக்குப் பஞ்சாப் நீரை நிறுத்தியது. 1960 செப்ரெம்பரில் கைச்சாத்தான சிந்து நீர் உடன்படிக்கை ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகியவற்றை இந்தியாவிற்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகியவற்றைப் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கியது. மூன்று போர்களைத் தாங்கிய அவ்வுடன்படிக்கையை 2025 ஏப்ரலில், பகல்காம் படுகொலையின் பின், இந்தியா இடைநிறுத்தி வைத்தது. ஐந்து ஆறுகளும் ஒருசேர எந்தப் பஞ்சாபிற்கும் இன்று உரியனவல்ல. பெயர் மட்டும் இரண்டிற்கும் உரியது.

ராவியின் மேற்குக் கரையில், எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் கர்த்தார்பூர் உள்ளது. குரு நானக் 1539 இல் அங்கே மறைந்தபோது அவருடலை எரிப்பதா புதைப்பதா என இந்துக்களும் முஸ்லிம்களும் போட்டியிட்டனர் என்பது ஐதீகம். போர்வையை நீக்கியபோது பூக்களே இருந்தனவாம். அவற்றை இரு பங்காக்கி ஒரு சாரார் எரித்தனர், மற்றச் சாரார் புதைத்தனர். அங்கே சமாதியும் உண்டு, கல்லறையும் உண்டு. 1947 இன் பின் இந்தியப் பக்கத்திலிருந்து சீக்கியர் தொலைநோக்கியின் வழியே அதனை நோக்கி வணங்கினர். 2019 நவம்பர் 9 ஆம் திகதி விசா இன்றிச் சென்றுவரும் பாதையொன்று திறக்கப்பட்டது. பிரிவினையில் பிரிந்துபோன உடன்பிறந்தோர் முதுமையில் அவ்விடத்திற் சந்தித்துக்கொண்டமை பலமுறை செய்தியானது. தொற்றுநோயினால் மூடப்பட்டு 2021 இல் மீளத் திறக்கப்பட்ட அப்பாதையை, 2025 மே மாதப் போரின்போது இந்தியா மீண்டும் மூடியது.